எடை குறையும் ஒப்போலை

இராசபாளையத்துப் பஞ்சாலைத் தொழிலாளியும், திருவில்லிபுத்தூரில் திரட்டுப்பால் கிண்டிப் பிழைப்பவரும், அடுத்த நாடாளுமன்றத் தேர்தலில் எவர்க்கு ஒப்போலை இடுவது என்று எண்ணுமுன், அவ்வோலைக்கு இனி என்ன எடை இருக்கும் என்று கவலையுற வேண்டியவராய் உள்ளனர். அக்கவலை வீண் அச்சமன்று.

அவ்விரு நகரங்களும் அடங்கியது தென்காசித் தொகுதி. அதன் தனித்தொகுதி நிலை பற்றி வந்த வழக்கொன்றில்தான், 2021-ஆம் ஆண்டு, சென்னை உயர்முறை மன்றத்தின் மதுரைக் கிளை ஓர் அரிய வினாவை எழுப்பியது. 1962-இல் 41 உறுப்பினரைத் தில்லிக்கு அனுப்பிய மாநிலம் 1967 முதல் 39 பேரையே அனுப்புகின்றது. மக்கட்பெருக்கத்தை அடக்கியமைக்கு இடப்பறிப்பா பரிசு? 14 தேர்தல்களில் இழந்த ஈரிடங்களுக்கு 5,600 கோடி உருபா ஈடு தரலாகாதா என்றே அம்மன்றம் கேட்டது! தில்லியின் செவியில் அது ஏறியதாகத் தெரியவில்லை.

1976-இல் 42-ஆம் திருத்தம் மாநிலங்களின் இடப்பங்கை 1971 மக்கட்கணக்கின்படி நிறுத்தி வைத்தது. 84-ஆம் திருத்தம் அத்தடையை 2026-க்குப் பின் எடுக்கப்பெறும் முதற் கணக்குவரை நீட்டியது. தடை நீங்கின் நிகழ்வதென்ன? 2019-21 நாட்டுக் குடும்பநல ஆய்வின்படி ஒரு பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தைகள் தமிழகத்தில் 1.8, பீகாரில் 3.0. குடும்பநலத் திட்டத்தை வகுத்தது நடுவணரசு, அதனைச் செவ்வனே நிறைவேற்றியவன் தமிழன், ஒறுப்பும் அவனுக்கே!

39 குறையாது என்று உறுதி கூறுவோர் உளர். எண் குறையாதிருப்பதால் ஆவதென்ன? 2024-இல் 543-இல் 39, நூற்றுக்கு ஏழு. மொத்தம் பெருகித் தமிழகத்தின் எண் அவ்வளவிற் பெருகாவிடின், பங்கு தேய்ந்ததே ஆகும். பங்கன்றோ வலிமை!

ஆளுக்கோர் ஒப்போலை, ஒவ்வோர் ஓலைக்கும் ஒத்த மதிப்பு என்பது குடியாட்சியின் அடிப்படைதானே என்பர். ஒரே மொழியினர் வாழும் நாட்டில் அது போதும். பல தேசிய இனங்களை ஒரு கூரைக்கீழ் அடைத்த நாட்டில் தலையெண்ணிக்கை மட்டுமே முறையாகுமா?

பிரித்தானியாவில் வேல்சு மக்கள் இதனைப் பட்டறிந்தனர். 2024 பொதுத்தேர்தலில் இலண்டன் மன்றத்தில் அவர்தம் இடங்கள் 40-இலிருந்து 32-ஆகச் சுருங்கின. இங்கிலாந்தின் இடங்களோ 533-இலிருந்து 543-ஆயின. தொகுதிகள் ஒத்த அளவின ஆகவேண்டும் என்பதே அங்கும் சொல்லப்பெற்ற காரணம். ஆயினும் அவர்கள் கார்டிப்பிலுள்ள தம் மன்றத்தின் இடங்களை 60-இலிருந்து 96-ஆக உயர்த்த அதே ஆண்டில் தாமே சட்டம் செய்துகொண்டனர். தமிழ்நாட்டுச் சட்டமன்றமோ தன் 234 இடங்களோடு ஓரிடத்தைக்கூடத் தானாகச் சேர்த்துக்கொள்ள இயலாது. அதற்கும் தில்லியின் ஒப்புதலே வேண்டும்.

தென்காசித் தொகுதியில் கைகூப்பி வருவோர் எக்கட்சியினராயினும், தொகுதி வரையறைச் சட்டம் அவைக்கு வரும் நாளில் எப்பக்கம் கைதூக்குவர் என்பதை எழுத்திற் கேட்டுப் பெறும் உரிமை அவ்விரு நகர மக்களுக்கு உண்டு.