தோலில் ஏறும் பிழை

“கணினியில் அப்படித்தான் வந்தது.” இந்த ஒரு விடையை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

சென்ற மாதம் என் மாணவன் ஒருவன் முன்கையில் புதிதாகப் பச்சை குத்திக்கொண்டு வகுப்புக்கு வந்தான். முருகனுக்கு நேர்ந்துகொண்டு, ‘வேல்’ என்று குத்தச் சொன்னானாம். அங்கே வகரம் தனியே நின்றது. அதற்கு முன்னால் இருக்கவேண்டிய கொம்பு பின்னால் போய் லகரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. படித்தால் ‘வலே’, அதன் தலையில் ஒரு புள்ளி வேறு. குத்தியவரிடம் கேட்டதற்குக் கிடைத்த விடைதான் மேலே உள்ளது.

காரணம் எளியது. ஒருங்குறியில் மெய்யெழுத்து முதலிலும் உயிர்க்குறி அடுத்தும் சேமிக்கப்படுகின்றன. கொம்பை முன்னே கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் கடமை. இந்திய மொழிகளுக்கான அவ்வசதி இல்லாத, அல்லது இயக்கப்படாத ஓவிய மென்பொருளில், கொம்பு சேமித்த இடத்திலேயே நின்றுவிடும். அப்படித் தட்டச்சிட்டதை வரைபலகையில் பெரிதாக்கி, கையின் புகைப்படத்தின்மேல் பொருத்தி, நிழல் சேர்த்து, வெப்ப அச்சுப்பொறியில் படியெடுத்து, தோலில் ஒட்டி எடுக்கிறார்கள். அதுவரை எத்தனை முறையும் அழிக்கலாம். இத்தனை படிகளில் ஒருவர்கூட அதை வாசிக்கவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

உடனே, ‘வரைபலகை வந்து மரபை அழித்தது’ என்று புலம்புவோரோடும் எனக்கு உடன்பாடில்லை. மஞ்சளும் அகத்தியிலையும் தேய்த்த துணித்திரியை எரித்துக் கரி சேர்த்துக் குறவர் பெண்கள் பச்சை குத்தியதை எட்கர் தர்ஸ்டன் 1906இல் நூலில் பதிவு செய்தார். அதற்கு முன்பே, 1891இல், எடிசனின் மின்பேனாவை அடியொற்றிய பச்சை குத்தும் இயந்திரத்துக்கு நியூயார்க்கின் சாமுவேல் ஓரெய்லி காப்புரிமை பெற்றிருந்தார். இன்று திருவிழாக்களில் வீதியோரம் அமர்ந்து குத்தும் பெண்களிடமும் மோட்டார் ஊசியைக் காணலாம். கருவி மாறியதால் கலை சாகவில்லை.

சொல்லப்போனால், வரைபலகை கையால் எழுதுவதற்கென்றே பிறந்தது. அழுத்தினால் தடிக்கும், தளர்த்தினால் மெலியும் பேனா அதற்கு உண்டு. ஆங்கிலப் பெயரென்றால் அதைக்கொண்டு வளைவும் நெளிவுமாக மணிக்கணக்கில் வரைகிறார்கள். தமிழென்றால் மட்டும் ஏதோ ஓர் எழுத்துருவில் தட்டிவிட்டு முடித்துக்கொள்வது ஏன்? தன் கையால் எழுதும் தமிழன் எவனும் கொம்பை இடம் மாற்றிப் போடமாட்டான்.

‘ஓலைச்சுவடியிலும் புள்ளி இல்லையே’ என்று நண்பர் ஒருவர் மடக்கினார். ஓலை கிழியும் என்பதால் புள்ளியை விட்டார்கள். கருவியின் எல்லை அறிந்து செய்த தெரிவு அது. முன்பின் சொற்களைக் கொண்டு படிப்பவர் பொருளறிந்தார். முன்கையில் தனித்து நிற்கும் ஒற்றைச் சொல்லுக்கு அத்துணை ஏது?

மாங்குளத்துப் பாறையில் நெடுஞ்செழியன் பெயரை வெட்டியவரும், கீழடிப் பானையோட்டில் பெயர் கீறியவரும் இதே மதுரைச் சுற்றுவட்டாரத்தினர்தாம். அவர்களிடம் அழிக்கும் பொத்தான் இல்லை; எழுத்தின்மீது கவனம் இருந்தது.

பச்சை குத்தும் தம்பிகளிடம் கேட்பது ஒன்றுதான். தமிழைக் கையால் எழுதுங்கள். படியெடுக்கும் முன் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். குத்திக்கொள்பவரையும் படிக்கச் சொல்லுங்கள். அரை நிமிடம் ஆகும்.

என் மாணவன் இப்போது இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை அணிந்தே வகுப்புக்கு வருகிறான்.