தடையும் தரகரும்

2022ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, தந்தையார் பிரதமராகவும் சிற்றப்பனார் ஜனாதிபதியாகவும் வீற்றிருந்த இலங்கை அரசாங்கத்தில் விளையாட்டுத்துறை அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ச, சமூக ஊடகங்களை முடக்குவதைத் தாம் ஒருபோதும் ஏற்பதில்லை என்றும், தாம் அக்கணத்தில் உபயோகித்துக்கொண்டிருப்பது போன்ற வி.பி.என். கிடைக்கும்போது இத்தகைய தடைகள் முற்றிலும் பயனற்றவை என்றும், தடைக்கு உட்பட்டிருந்த டுவிட்டரிலேயே எழுதினார். மூன்று நாட்களுக்கு முன் மிரிஹானையில் ஜனாதிபதியின் இல்லத்தருகே சர்க்காரின்மேல் கோபங்கொண்ட ஜனங்கள் திரண்டதும், அவசரகால நிலையும் ஊரடங்கும் அடுத்தடுத்து வந்ததும், ஞாயிறன்று நாடெங்கும் போராட்டம் என்ற அழைப்பு பரவியதும், அதற்கு முந்திய நள்ளிரவில் பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின்பேரில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு முகநூல், வாட்ஸ்அப், யூடியூப் முதலியவற்றை நிறுத்தியதும் எல்லோரும் அறிந்த கதை. அன்று பிற்பகலிலேயே தடை விலக்கப்பட்டது. தம் சர்க்காரின் ஆக்ஞையை மந்திரி ஒருவரே தாண்டிச் சென்று, அதன் வியர்த்தத்தைத் தாண்டிய இடத்தில் நின்றபடியே பிரகடனம் செய்வது எந்த நாட்டிலும் அபூர்வமான காட்சி.

அமைச்சரின் வாக்கை அன்று அவருடைய எதிரிகளும் ரசித்தார்கள். தடை என்பது செத்த பாம்பு என்ற அபிப்பிராயம் அதன்பின் மேலும் வலுப்பெற்றுவிட்டது. எனக்கு அதில் பாதிதான் சம்மதம். தடுக்க நினைத்தவரைத் தடை தடுக்கவில்லை என்பது மெய்யே, ஆயினும், வி.பி.என். என்ற பெயரையே அதுவரை கேட்டிராத சாமானியர் திரளாக ஒரே இரவில் செயலிக் கடைக்குள் ஓடி, முதலில் கண்ணில் பட்ட இலவசப் பெயரைப் பதிவிறக்கி, அது கேட்ட அனுமதிகள் அனைத்தையும் வாசியாமலே கொடுத்துவிடும்படி நிர்ப்பந்தித்ததும் அதே தடைதான் என்பதை அந்த வேடிக்கையில் மறந்துவிட்டோம்.

விஷயம் நடக்கும் விதத்தைச் சற்று விளக்கவேண்டும். தடை அமலாவது நமக்கு இணைப்பு வழங்கும் நிறுவனத்தின் இயந்திரங்களில். முகநூலின் முகவரி எதுவென்று நம் கைபேசி வினவும்போது விடை தராதிருப்பதும், அம்முகவரியை நோக்கிச் செல்லும் தரவை வழியிலேயே நிறுத்திவிடுவதும் அதன் சாதாரண உபாயங்கள். வி.பி.என். செயலியோ, கைபேசிக்கும் வேற்று தேசத்திலுள்ள ஒரு சர்வருக்கும் இடையே பிறர் வாசிக்க முடியாத சுரங்கம் ஒன்றை அமைத்து, நம் போக்குவரத்தையெல்லாம் அதனூடே அனுப்பி, அங்கிருந்து நமக்காக முகநூலைத் தொடுகிறது. இணைப்பு நிறுவனத்துக்குச் சுரங்கத்தின் வாய் மட்டுமே தெரியும். ஆனால் இணைப்பு நிறுவனம் இதுவரை எதையெல்லாம் பார்க்கக்கூடியதாக இருந்ததோ, அதையெல்லாம் இப்போது சுரங்கத்தின் மறுமுனையில் இருப்பவர் பார்க்கிறார். வங்கியின் தளத்தில் நாம் தட்டும் கடவுச்சொல் தனிப் பூட்டுக்குள் போவதால் பெரும்பாலும் தப்பிவிடும். எந்த வங்கி, எந்த வைத்தியசாலை, எந்தக் கட்சி, எத்தனை மணிக்கு என்பவை தப்பா. கொழும்பிலுள்ள நிறுவனத்துக்கு உரிமம் உண்டு, விலாசம் உண்டு, வேண்டுமானால் அதன்மேல் வழக்குத் தொடரலாம். மறுமுனையிலுள்ளவர் யார், எந்த தேசத்தவர், எதைக் கொண்டு ஜீவனம் செய்கிறார் என்பதை இலவச வி.பி.என். போட்டவர்களில் நூற்றுக்கு ஒருவராவது விசாரித்திருப்பாரா என்பது சந்தேகம்.

ஜீவன விஷயம் அற்பமானதன்று. உலகெங்கும் சர்வர்களை வைத்து நடத்துவதற்குப் பணம் வேண்டும். ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஸ்தாபனத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் பிற சர்வகலாசாலையினருடன் சேர்ந்து 2016இல் 283 ஆண்ட்ராய்டு வி.பி.என். செயலிகளைச் சோதித்தபோது, அவற்றில் 38 சதவீதத்தில் தீங்கான நிரல்களின் அடையாளமும், 75 சதவீதத்தில் உபயோகிப்பவரைப் பின்தொடரும் மூன்றாம் தரப்புக் கருவிகளும் தென்பட்டன. 18 சதவீதம் தரவைக் குறியீடாக்கவே இல்லை, அதாவது சுரங்கம் என்று சொல்லி வெட்டவெளியைக் கொடுத்தன. இதைவிட ரசமான உதாரணம் ஒனாவோ. 2013இல் முகநூல் நிறுவனம் வாங்கிய இஸ்ரேலிய நிறுவனமான இது, பாதுகாப்பு அளிப்பதாக விளம்பரம் செய்து, தன்னை நம்பியவர்கள் வேறு எந்தெந்தச் செயலிகளில் எவ்வளவு நேரம் கழித்தார்கள் என்பதை எஜமானரிடம் ஒப்பித்துவந்தது. 2023 ஜூலையில் ஆஸ்திரேலிய நீதிமன்றம் அந்தப் பொய்க்காக இரண்டு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. முஸ்லிம்களுக்கு எதிரான திகனக் கலவரத்தையொட்டி 2018 மார்ச்சில் இலங்கையில் முகநூல் முடக்கப்பட்ட நாட்களில், முகநூலுக்குச் சொந்தமான இந்த இலவச வி.பி.என். ஆப்பிள் கடையில் தாராளமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது என்பதை நினைக்கையில், விதிக்கு ஒரு ஹாஸ்ய உணர்ச்சி உண்டென்றே தோன்றுகிறது.

அதற்கும் கீழான படி ஒன்றுண்டு. மாஸ்க் வி.பி.என்., டியூ வி.பி.என். போன்ற இலவசச் செயலிகளைப் பொறியாக வைத்து, அவற்றை நிறுவியவர்களின் கணினிகளைத் தெரியாமல் தன்வசப்படுத்தி, ஏறத்தாழ இருநூறு நாடுகளில் ஒரு கோடியே தொண்ணூறு லட்சத்துக்கும் அதிகமான இணைய முகவரிகளை மோசடிக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுவந்த 911 எஸ்5 என்ற வலையமைப்பை 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை கலைத்தது. அங்கே திருடர் செய்த குற்றம், தடயத்தில், யாதொன்றும் அறியாத குடும்பஸ்தரின் வீட்டு முகவரியிலிருந்து நிகழ்ந்ததாகவே பதிவாகும்.

எல்லா இலவசமும் இப்படியென்று நான் சொல்லவில்லை. கட்டணம் செலுத்துவோரின் பணத்தால் இலவசப் பிரிவை நடத்தும் புரோட்டான் உண்டு. டொராண்டோ சர்வகலாசாலையின் சிட்டிசன் லேபில் பிறந்து, தணிக்கையைத் தாண்டுவதையே நோக்கமாகக் கொண்ட சைஃபன் உண்டு. சைஃபன் தடையைத் தாண்டவைக்குமே தவிர, ஆளை மறைக்கும் என்ற வாக்குறுதி அதன் நோக்கத்தில் இல்லை. இந்த பேதத்தைத்தான் ஜனங்கள் அறிவதில்லை. மறைந்திருப்பதற்கென்றே அமைந்தது டோர். வெங்காயத் தோல்போல ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று உறைகளிட்டு, தொண்டர்கள் நடத்தும் மூன்று கணினிகளின் வழியே அது செய்தியை அனுப்புவதால், முதற்கணினிக்கு அனுப்பியவர் தெரியும், போகுமிடம் தெரியாது. கடைசிக் கணினிக்குப் போகுமிடம் தெரியும், அனுப்பியவர் தெரியாது. தொண்ணூறுகளின் நடுவில் அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சிக்கூடத்தில் தோன்றிய இந்த யுக்தி உலகப் பிரஜைகளுக்கெல்லாம் திறந்துவிடப்பட்டதற்குத் தர்மசிந்தனை மட்டும் காரணமன்று. கடற்படையினர் மட்டுமே உபயோகிக்கும் மறைவிடத்திலிருந்து வெளிப்படும் ஒவ்வொருவரும் கடற்படையினரே என்று எதிரி தெரிந்துகொள்வான் அல்லவா? ஒற்றன் ஒளிந்துகொள்ளக் கூட்டம் வேண்டியிருந்தது. அக்கூட்டத்தில் இன்று நிருபரும் மாணவரும் கள்ளக்கடத்தல்காரரும் ஒருங்கே நிற்கிறார்கள். ஆனால் டோர் மந்தமானது. கலவர நாளில் பிள்ளை வீடு சேர்ந்தானா என்று வாட்ஸ்அப்பில் கேட்கத் துடிக்கும் தாய்க்கு அதன் நிதானம் பொறுக்காது. அவர் இலவச வி.பி.என்.னைத்தான் நாடுவார்; அவரைக் குற்றஞ்சாட்ட எனக்கு வாய் வராது.

சர்க்காரின் பக்கத்திலும் நியாயமே இல்லை என்று வாதிப்பது சரியாகாது. 2018இல் முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புப் பதிவுகள் சிங்களத்தில் பெருகியபோது முகநூல் நிறுவனம் அசட்டையாக இருந்தது. இரண்டாண்டுகள் கழித்து, 2020 மே மாதத்தில், அதற்காக வருத்தமும் தெரிவித்தது. இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப்பின் சர்க்கார் வதந்திக்கு அஞ்சிச் சமூக ஊடகங்களை முடக்கியதையும் புரிந்துகொள்ளலாம். ஆனால் 2007 ஜூனில் தமிழ்நெட் என்ற செய்தித் தளத்தை மறைத்தபோதும், 2022இல் தன் மீதான கோபத்தை மறைக்க முனைந்தபோதும் அதே உபாயமே கையாளப்பட்டது. மேலும், வெறுப்பைத் திட்டமிட்டுப் பரப்புகிறவனே தடையை முதலில் தாண்டும் வழி அறிந்தவன். வதந்தியை மறுத்து எழுதக்கூடிய அயல்வீட்டுக்காரரோ வழி தெரியாமல் வாயடைத்து நிற்கிறார்.

2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், ஐந்து பேர் கொண்ட ஓர் ஆணைக்குழு இணைப்பு நிறுவனங்களைக் கொண்டு தளங்களை முடக்குவதற்கு வழி வகுத்திருக்கிறது. அந்த ஆணைக்குழுவிடம் கேட்கவேண்டியவை பெரிய தத்துவங்கள் அல்ல. எந்தத் தளம், எந்தக் காரணத்துக்காக, எந்த மணி வரையில் என்ற மூன்றையும் முடக்கும் வேளையிலேயே எழுத்தில் பிரசுரிக்கவேண்டும். வைத்தியசாலையும் குடும்பமும் பேசிக்கொள்ளும் வாட்ஸ்அப் போன்றவற்றை முகநூலோடு சேர்த்து ஒரே கத்தியால் வெட்டக்கூடாது. பிரஜைகளின் பங்குக்கு வேலை ஒன்றுண்டு. நம்பத்தக்க கருவி எது, அதை நடத்துவது யார் என்பதை அமைதியான நாளிலே ஆராய்ந்து வைத்துக்கொள்ளலாம். நள்ளிரவில் செயலிக் கடையில் முதலில் நிற்கும் பெயர் பெரும்பாலும் விளம்பரத்துக்குப் பணம் கட்டியவனுடையது.