சன்னலுக்கு வெளியே ஒரு மரம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், நகரச் சந்தடிக்கு அப்பால் ஒரு மருத்துவமனை. அங்கே சில அறைகளின் சன்னல்கள் மரங்களை நோக்கியிருந்தன. வேறு சிலவற்றின் சன்னல்கள் பழுப்பு நிறச் செங்கற்சுவர் ஒன்றை நோக்கியிருந்தன. இன்ன அறைதான் வேண்டுமென எவரும் கேட்டுப் பெறவில்லை; எது காலியாயிருந்ததோ அதில் படுத்தார்கள். 1972 முதல் 1981 வரை அங்கே பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்றவர்களில் 46 பேருடைய ஏடுகளை ரோஜர் உல்ரிக் என்னும் ஆராய்ச்சியாளர் எடுத்துப் பார்த்தார். வயதிலும் பிறவற்றிலும் ஒத்த இருவர் இருவராக இணைத்து ஒப்பிட்டார். மரத்தைக் கண்டவர்கள் சராசரியாக 7.96 நாட்களில் வீடு திரும்பினர். சுவரைக் கண்டவர்களுக்கு 8.70 நாட்கள் ஆயின. கடுமையான வலிநீக்கி மருந்துகளும் மரத்தைக் கண்டவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. அழுகிறார், மனந்தளர்ந்திருக்கிறார் என்பன போன்ற செவிலியர் குறிப்புகள் சுவர்ப்பக்கத்து ஏடுகளிலேயே மிகுந்திருந்தன. இந்த ஆய்வு 1984-இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது.

முக்கால் நாள் ஒரு பெரிய வேறுபாடா என்று சிலர் கேட்கக்கூடும். வயிற்றில் தையலோடு இரவைக் கழித்தவரிடம் கேட்டுப் பாருங்கள்! ஆயினும் 46 பேர் என்பது சிறிய தொகைதான். மரம் மருந்தாகிவிடாது, மருத்துவரை விட்டுவிட்டு மரத்தடிக்குப் போங்கள் என எவரும் சொல்லவில்லை.

நம் திருச்சபையின் முன்னோர் இந்த உண்மையை ஆய்வின்றியே அறிந்திருந்தனர். சுவிட்சர்லாந்து நாட்டின் சாங்க்ட் காலன் மடத்து நூலகத்தில், ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தோலில் வரையப்பட்ட ஒரு மடத்தின் வரைபடம் இன்றும் இருக்கிறது. அதில் நோயுற்ற துறவியருக்கெனத் தனி இல்லமும், அதன் நடுவே திறந்த முற்றமும், அருகில் சிற்றாலயமும் காணப்படுகின்றன. மருத்துவர் வீட்டை ஒட்டி 16 பாத்திகள் கொண்ட மூலிகைத் தோட்டம். பாத்திதோறும் செடியின் பெயர் எழுதப்பட்டுள்ளது: லீலி, ரோஜா, புதினா, சீரகம், வெந்தயம், சோம்பு... நம் இல்லத்தரசியர் அஞ்சறைப் பெட்டியில் வைத்திருக்கும் பொருள்கள் அல்லவா இவற்றுட் சில! கல்லறைத் தோட்டத்திலும் பழமரங்களையே வரைந்து, நடுவில் சிலுவையை நாட்டியிருக்கிறார்கள். உயிர்த்த ஆண்டவரை மதலேன் மரியாள் தோட்டக்காரர் என்று எண்ணியது அவர்கள் நினைவுக்கு வந்திருக்குமோ, என்னவோ.

நம் காலத்திற்கு வருவோம். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் 1902-ஆம் ஆண்டு, புனித வின்சென்ட் தே பவுலின் பிறரன்புக் கன்னியர் ஒரு மருத்துவமனையைத் தொடங்கினர். அந்தப் பரம்பரையில் வந்த டெல் குழந்தைகள் மருத்துவமனை 2007-இல், கைவிடப்பட்ட விமான நிலையம் ஒன்றின் நிலத்தில் எழுந்தது. பழைய ஓடுபாதையின் இடிபாடுகளையும் வீணாக்காமல் பயன்படுத்தினார்கள். வளாகத்திலேயே மின்சாரம் உண்டாக்கி, அதில் எழும் வெப்பத்தையும் குளிர்விக்கும் வேலைக்குத் திருப்பினார்கள். கட்டடத்தினுள்ளே வெளிச்சம் இறங்கும் முற்றங்களை அமைத்து, குழந்தைகளும் பெற்றோரும் இளைப்பாற ஒரு தோட்டமும் வைத்தார்கள். 2009-இல் 'லீட்' எனப்படும் பசுமைக் கட்டடச் சான்றிதழின் உச்சப் படியாகிய பிளாட்டினம் அதற்குக் கிடைத்தது. உலகிலேயே அப்படியைப் பெற்ற முதல் மருத்துவமனை அதுவே.

இச்சான்றிதழ் புள்ளிகளைக் கூட்டித் தரப்படுவது. தண்ணீரை மிச்சப்படுத்தினால் சில புள்ளிகள், மின்சாரத்தைக் குறைத்தால் பல புள்ளிகள் என்று கணக்கு. மருத்துவமனைகளுக்கென 2011-இல் தனி விதிகள் வகுக்கப்பட்டன. அவ்விதிகளில் மொத்தம் 110 புள்ளிகள் இருந்தன. 80 பெற்றால் பிளாட்டினம். அவற்றுள் நோயாளிகளும் ஊழியரும் இளைப்பாறும் இடத்திற்கு ஒரு புள்ளி. நோயாளி நேரே வெளிக்காற்றுக்கு வர வழி செய்வதற்கு ஒரு புள்ளி என்று வகுத்திருந்தார்கள். அவ்வளவே! அந்த இரண்டையும் விட்டுவிட்டாலும் பிளாட்டினம் கிட்டக்கூடியதாக இருந்தது. சான்றிதழை நான் குறைகூறவில்லை. நம் பொது இல்லமாகிய பூமியைப் பேணும்படி திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் சுற்றுமடல் எழுதிய பின்னர், மின்சாரத்தையும் தண்ணீரையும் எண்ணிச் செலவிடுவது நமக்குக் கடமையே. ஆனால் வாயிலில் பளபளக்கும் பலகை, படுத்திருப்பவருக்கு ஒரு கிளையேனும் தெரிகிறதா என்பதைச் சொல்லாது.

சில ஆண்டுகளுக்கு முன், நோயில்பூசுதல் அளிக்க ஒரு பெரிய மருத்துவமனைக்குச் சென்றிருந்தேன். நடுவில் அழகிய புல்வெளி, ஓரத்தில் வேப்பமரம், சுற்றிலும் கம்பி வேலி, கதவில் பூட்டு. மூன்றாம் மாடியிலிருந்த மூதாட்டி, "கொஞ்ச நேரம் அந்த வேம்படியில உட்காரலாமா, சாமி?" என்று கேட்டார். காவலரோ, "தெறந்துவிட்டா புல்லு வீணாப் போயிடும், ஃபாதர்" என்றார். அரைமணி நேரம் அலைந்து சாவியை வாங்கினோம். கதவைத் திறந்தால், உள்ளே செல்ல மூன்று படிகள்! சக்கர நாற்காலியை இருவர் தூக்கி இறக்கினோம். மூன்று நாட்களாக வாய் திறவாதிருந்த அம்மையார், தம் கணவர் கிணற்றடியில் நட்ட வேம்பைப் பற்றி மகளிடம் பேசத் தொடங்கினார்.

உங்கள் மறைமாவட்ட மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ மரம் வைக்கப் பங்குப் பேரவை முன்வருமாயின், அந்தப் படிகளை நினைவில் கொள்ளுங்கள். சக்கர நாற்காலி உருளச் சரிவுப் பாதை வேண்டும். பற்றி எழுவதற்குக் கைப்பிடியும், சாய்வதற்கு முதுகும் உள்ள இருக்கைகள் வேண்டும். புற்றுநோய்க்கு மருந்தேற்றப்படுவோருக்குக் கடும் மணம் குமட்டலை உண்டாக்கலாம். ஆகவே மல்லிகைப் பந்தலை அவர்கள் வார்டுக்குச் சற்றுத் தள்ளியே போடுங்கள். தொட்டியில் நீர் தேங்கினால் கொசு வரும். இரவுப் பணி முடித்த செவிலியரும் அங்கே சற்று அமர விரும்புவர். அவர்களை எவரும் விரட்ட வேண்டாம். தோட்டத்திற்கு இடமே இல்லையெனின், கட்டிலைச் சன்னல் பக்கம் திருப்பிப் போடலாம். சாவி மட்டும் வார்டுச் சகோதரியிடம் இருக்கட்டும்.