புலிக்கு ஐந்நூறு மான், குருபருக்கு என்ன?



காட்டில் மான் குறைஞ்சு போச்சு என்பது ஆதிக்கச் சாதிகள் கட்டிவிட்ட கதை என்று நம் கூட்டங்களில் சிலர் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மான் குறைந்தது உண்மை. எண்ணிச் சொன்ன ஆராய்ச்சியும் உண்மை. எண்ணி முடித்த பிறகு யார் கையில் விலங்கு மாட்டுகிறார்கள் என்பதில்தான் நம் சண்டை இருக்க வேண்டும்.

கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் 1980களிலிருந்து உல்லாஸ் காரந்த் செய்த ஆராய்ச்சியை எடுத்துக்கொள்வோம். பொறியியல் படித்துவிட்டுக் காட்டுயிர் விஞ்ஞானி ஆனவர். தானியங்கிக் கேமராவில் புலியைப் படம் பிடித்து, உடம்பு வரிகளை வைத்து ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டு கணக்கெடுக்கும் முறையை நிலைநாட்டியவர். அவருடைய இன்னொரு கணக்கு ரொம்ப எளிமையானது. ஒரு புலி வருஷத்துக்குச் சுமார் 50 பெரிய விலங்குகளைக் கொன்று தின்கிறது. காட்டிலுள்ள இரையில் பத்தில் ஒரு பங்குதான் அதற்குக் கிடைக்கும். ஆக, ஒரு புலி பிழைக்க 500 இரை விலங்குகள் வேண்டும். வங்கியில் குமாஸ்தாவாக இருக்கிற எனக்கு இது அசல், வட்டிக் கணக்காகத்தான் தெரிகிறது. வட்டியைத் தின்கிற வரைக்கும் காடு நிற்கும். அசலில் கை வைத்தால் மரம் நிற்கும், காடு நிற்காது. மானைச் சுட்டுத் தீர்த்தால் போதும், ஒரு குண்டும் படாமலே புலி செத்துப்போகும்.

2002இல் மதுசூதனும் காரந்தும் வெளியிட்ட ஆய்வு இன்னும் நெருங்கிப் பார்த்தது. நாகரஹொளேயிலும் குதிரேமுக்கிலும் வேட்டையாடுகிறவர்களிடமும் வேட்டையை விட்டவர்களிடமும் பேசினார்கள். வேட்டை அதிகமுள்ள பகுதியையும் குறைந்த பகுதியையும் ஒப்பிட்டு எண்ணினார்கள். குதிரேமுக்கில் மட்டும் 26 வகைப் பாலூட்டிகள் வேட்டையாடப்பட்டன, பெரும்பாலும் துப்பாக்கியால். இந்தத் துப்பாக்கி என்கிற சொல்லை அடிக்கோடிட்டு வையுங்கள்.

துப்பாக்கி யாரிடம் இருக்க முடியும்? நாகரஹொளே காட்டின் ஒரு பகுதி குடகு மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. வெள்ளைக்காரன் கொடுத்த சலுகை. 2019இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. அந்தச் சமூகமே வேட்டைக் கூட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. குலமும் நிலமும் இருந்தால் அரசு துப்பாக்கியையும் நம்புகிறது. நிலமில்லாத ஜேனு குருபர் கையில் தேன்கூடு எடுக்கிற கத்தி இருந்தாலே சந்தேகப்படுகிறது. இதைத்தான் சொல்கிறேன்.

மைசூர் மகாராஜா பண்டிபூரில் புலி சுட்டது விருந்தாளிக்குச் செய்த மரியாதை. காகனகோட்டையில் யானைகளை விரட்டி அடைத்துப் பிடிக்கும் கெத்தா 1971 வரை நடந்தது. விரட்டியதும் பழக்கியதும் குருபர்கள். பெருமை அரண்மனைக்கு. ராஜா சுட்டா வேட்டை, குருபர் பிடிச்சா கள்ளவேட்டை! அடுத்த வருஷமே 1972 காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2006 வன உரிமைச் சட்டமும் வேட்டை உரிமையைத் தெளிவாக விலக்கி வைத்தது. சரி, அதை ஒப்புக்கொள்வோம். அசலே கரைந்துபோன கணக்கில் யாரும் பணம் எடுக்க முடியாது. ஆனால் அதே 2006 சட்டம் கொடுத்த குடியிருப்பு உரிமையும் சாகுபடி உரிமையும் எங்கே?

1990களில் அந்தக் காட்டுக்குள் நட்சத்திர ஓட்டலுக்கு இடம் குத்தகைக்குப் போனது. ஆதிவாசிகள் போராடி, 1997இல் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. காட்டுயிர் அமைப்புகள் தொடுத்த வழக்கில் 2019 பிப்ரவரி 13 அன்று, உரிமைக் கோரிக்கை தள்ளுபடியானவர்களை வெளியேற்றச் சொன்னது உச்ச நீதிமன்றம். நாடெங்கும் எதிர்ப்பு எழ, 28ஆம் தேதி அதை நிறுத்தி வைத்தது. 2025 மே மாதம் ஜேனு குருபர் குடும்பங்கள் சில நாகரஹொளேக்குள் தங்கள் பழைய ஊரான கரடிக்கல்லுக்குத் திரும்பிப் போய்க் குடிசை போட்டன.

மக்கள் விரும்பி, நியாயமான ஈட்டோடு வெளியே குடியேறலாம் என்பது காரந்தின் வாதம். ரோடும் கரண்டும் ஆஸ்பத்திரியும் இல்லாத இடத்தில் வருஷக்கணக்காக உட்கார வைத்துவிட்டு வந்து கேட்டால், யார்தான் விருப்பமில்லைன்னு சொல்வாங்க? புலிகள் காப்பகத்தை விட்டு வெளியேறும் குடும்பத்துக்கு 2008இல் 10 லட்சம், 2021இல் 15 லட்சம் என்று அரசு நிர்ணயித்தது. பணமாக வாங்கி ஏழு சத வட்டிக்குப் போட்டால் மாசம் 8,750 ரூபாய். காடு முழுக்கக் கொடுத்ததற்கு இது ஈடா? மிச்சத்துக்குக் காப்பித் தோட்டத்தில் கூலியாக நிற்க வேண்டியதுதான்.

உல்லாஸ் காரந்தின் தந்தை சிவராம காரந்த். 1933இல் 'சோமன துடி' நாவலில், சொந்தமாக உழ ஒரு துண்டு நிலம் கேட்டுக் கடைசி வரை கிடைக்காமல் சாகிற தலித் சோமனை எழுதியவர். மகன் புலிக்கு எத்தனை மான் வேண்டும் என்று எண்ணிச் சொன்னார். தந்தையின் கேள்வியையும் மகனின் கணக்கையும் ஒரே பக்கத்தில் வைத்துப் படிப்பது நம் வேலை.

ஆகவே கேட்போம். வேட்டை வழக்குகளில் சிறைக்குப் போனவர்கள் எந்தச் சமூகம், பிடிபட்டது துப்பாக்கியா சுருக்குக் கண்ணியா என்று வனத்துறை கணக்கு வெளியிடட்டும். வன உரிமைக் கோரிக்கையைத் தீர்க்காமல் ஒரு குடும்பத்தையும் நகர்த்தக் கூடாது. தடம் பார்த்துக் காட்டுகிறவருக்குக் கூலி மட்டும் போதாது, ஆய்வில் அவர் பெயரும் வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒன்று. காட்டுயிரியல் படியுங்கள். புள்ளியியல் படியுங்கள். எண்ணத் தெரிந்தவர்கள் நம் பக்கமும் இருந்தால்தான், அடுத்த முறை மானை எண்ணும்போது மனுசரையும் சேர்த்து எண்ண வைக்க முடியும்.