சீட்டுக்கு உடம்பா, உடம்புக்குச் சீட்டா?

1995ஆம் ஆண்டு, உலகச் சாம்பியன் பட்டம் வென்ற நைஜல் மான்செல் தன் புதிய பந்தயக் காருக்குள் அடங்கவில்லை. மெக்லாரன் அணி அவரை ஒப்பந்தம் செய்துவிட்டது. கார் தயாராகி வந்தது. உட்கார்ந்து பார்த்தால் ஓட்டுநர் அறை அவருக்குக் குறுகல். பிரேசிலிலும் அர்ஜென்டினாவிலும் நடந்த முதல் இரண்டு பந்தயங்களில் அவருடைய இடத்தில் வேறொருவர் ஓட்டினார். அதற்குள் அணி அகலமான கூடு ஒன்றைச் செய்து முடித்தது. மான்செல் அதில் இரண்டு பந்தயங்கள் ஓட்டிவிட்டு விலகிப் போனார்.

இந்தக் கதையை யார் சொன்னாலும் அது மான்செலின் இடுப்பைப் பற்றிய நகைச்சுவையாகத்தான் முடிகிறது. யாரை உட்கார வைக்கப் போகிறோம் என்று தெரிந்தும் அவரை அளக்காமல் கார் செய்தவர்களைப் பற்றி யாரும் சிரிப்பதில்லை. ஒரு சட்டை நமக்குப் பொருந்தவில்லை என்றால் தையல்காரரைத் திட்டுகிறோம். கார் பொருந்தவில்லை என்றால் மட்டும் ஏன் உடம்பைத் திட்டுகிறோம்?

நம் ஊரிலும் இதே சிரிப்புதான். ஸ்போர்ட்ஸ் கார் பார்க்கப் போன பெரிய உடம்புக்காரர் ஒருவர் கதவைத் திறந்து, ஒரு காலை உள்ளே விட்டு, கூரையைப் பிடித்து, மூச்சை இழுத்துக்கொண்டு இறங்கும்போது பக்கத்தில் நிற்கும் எல்லோரும் வேறு எங்கோ பார்ப்பார்கள். பிறகு மாமாக் கடையில் தே தாரிக் வந்ததும் யாராவது சொல்வார்கள்: “அண்ணே, இது உங்க சைஸுக்குச் செஞ்ச காடி இல்ல. கொஞ்சம் ஒடம்பக் கொறைங்க, அப்புறம் பாக்கலாம்.” அவரும் சிரிப்பார். சிரிக்காவிட்டால் ரோஷக்காரர் என்று பெயர் வந்துவிடும்.

‘ஸ்போர்ட்ஸ் கார்னா அப்படித்தான்’ என்ற வாக்கியத்துக்குப் பின்னால் ஓர் இயற்பியல் காரணம் இருப்பதாக நம்புகிறோம். அதை முதலில் பார்த்துவிடலாம். நல்ல டயர் போட்ட ஸ்போர்ட்ஸ் காரை வளைவில் வேகமாகத் திருப்பினால், ஏறத்தாழ உங்கள் எடைக்கு நிகரான விசை உங்களைப் பக்கவாட்டில் தள்ளும். 90 கிலோ ஆள் என்றால் கிட்டத்தட்ட இன்னொரு 90 கிலோ ஆள் தோளில் சாய்ந்த மாதிரி. அந்த நேரத்தில் உடம்பைப் பிடித்து வைக்கத்தான் சீட்டின் இரண்டு பக்கமும் மேடு எழுப்பியிருக்கிறார்கள். கடைக்காரர்கள் அதை போல்ஸ்டர் என்பார்கள். தொடையோரம் இரண்டு, விலாவோரம் இரண்டு. இதுவரை எல்லாம் சரி.

ஆனால் அந்த மேடுகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி உங்கள் இடுப்பைவிடக் குறைவாக இருந்தால் என்ன ஆகும்? நீங்கள் சீட்டுக்குள் உட்கார மாட்டீர்கள், அதன்மேல் ஏறி உட்காருவீர்கள். மேடு தொடையின் அடியை அழுத்தும். அரை மணி நேரத்தில் கால் மரத்துப் போகும். உடம்பு உயர்ந்துவிடுவதால் தலை கூரையில் இடிக்கும். விலாவைப் பிடிக்க வேண்டிய மேடு முதுகைக் குத்தும். வளைவு வந்ததும் பிடிமானம் இல்லாமல் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு தொங்குவீர்கள். எந்த வேலைக்காக அந்தச் சீட் குறுகலாகச் செய்யப்பட்டதோ அந்த வேலையையே அது செய்யவில்லை. இறுக்கம் வேறு, பிடிப்பு வேறு. காலுக்குச் சிறிய பூட்ஸைப் போட்டுக்கொண்டு யாரும் நன்றாகப் பந்து விளையாடியது கிடையாது.

இப்படி ஒரே அளவில் எல்லோரையும் அடைக்கும் யோசனை தோற்றுப்போய் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1950இல் அமெரிக்க விமானப்படை நாலாயிரத்துக்கும் மேற்பட்ட விமானிகளை அளந்தது. விமானி அறைகள் அதுவரை ‘சராசரி விமானி’ ஒருவரை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டிருந்தன. கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் ஆய்வாளர் அந்த அளவுகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். உயரம், மார்புச் சுற்றளவு, கை நீளம் என்று 10 அளவுகளிலும் சராசரிக்கு அருகில் வருகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினார். 4063 பேரில் ஒருவர்கூட இல்லை. சராசரிக்குச் செய்த விமானி அறை யாருக்குமே செய்யப்படாத அறை என்று ஆகிவிட்டது. அதன்பிறகுதான் நகர்த்தக்கூடிய சீட்டும் மாற்றக்கூடிய பெடலும் விமானங்களில் கட்டாயமாயின. ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானத்தில் சீட்டை மனிதனுக்கு ஏற்ப மாற்ற முடிந்தது. நெடுஞ்சாலையில் போகும் காருக்கு மட்டும் அது முடியாதாம்.

முடியாது என்பதும் பொய்தான். ஃபெராரி 1987இல் எஃப் 40 காரை வெளியிட்டபோது அதன் சீட்டை மூன்று அளவுகளில் கொடுத்தது. சட்டை மாதிரி, சின்னது, நடுத்தரம், பெரியது. 1992இல் வெளிவந்த மெக்லாரன் எஃப் 1 காரை வாங்கியவர்களுக்கு சீட்டும் பெடலும் ஸ்டீரிங்கும் அவரவர் உடம்புக்கே அளந்து பொருத்தப்பட்டன. மான்செலுக்கு இடம் இல்லாமல் பந்தயக் கார் செய்த அதே மெக்லாரன் பெயர்தான் அந்தக் காரின் மூக்கிலும் இருந்தது. பணக்காரரின் இடுப்பை அளக்க ஆள் இருந்திருக்கிறது.

பந்தயக் களத்திலும் அப்படித்தான். ரெகாரோ, ஸ்பார்கோ போன்ற நிறுவனங்கள் விற்கும் போட்டிச் சீட்டுகளில் எக்ஸ்எல் அளவு உண்டு. சீட் சரியாக இல்லாவிட்டால் ஓட்டுநர் தோற்றுவிடுவார் என்று அவர்களுக்குத் தெரியும். ஃபோர்டு ஜிடி 40 காரின் பெயரில் உள்ள 40, அதன் 40 அங்குல உயரத்தைக் குறிக்கிறது. அவ்வளவு தாழ்வான கார். ஆறடிக்கு மேல் வளர்ந்த டேன் கர்னி அந்த வரிசையில் வந்த மார்க் 4 காரில் உட்கார்ந்தபோது ஹெல்மெட் கூரையில் இடித்தது. ‘கொஞ்சம் உயரத்தைக் குறைங்க’ என்று யாரும் சொல்லவில்லை. கூரையில் அவர் தலைக்கு மட்டும் ஒரு குமிழ் எழுப்பினார்கள். அந்தக் குமிழோடுதான் அந்தக் கார் 1967இல் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. காரை ஆளுக்கு ஏற்ப வளைத்ததால் வேகம் குறைந்ததாக யாரும் முறையிடவில்லை.

ஆக உச்சத்தில் இருக்கும் கோடீஸ்வரருக்கும் பந்தய ஓட்டுநருக்கும் அளவு பார்த்துச் சீட் கிடைக்கிறது. நடுவில் சம்பளக் காசைச் சேர்த்து வாங்குகிறவருக்கு மட்டும் ‘ஒரே அளவு’. அவரிடம்தான் உடம்பைக் குறைக்கச் சொல்கிறோம்.

அடுத்து, எடை கூடும், விலை ஏறும் என்பார்கள். மின்மோட்டாரும் காற்றுப் பையும் வைத்து மேடுகளை விரிக்கும் சீட் கனமானது, விலை கூடியது, உண்மைதான். அதை யார் கேட்டார்கள்? சீட்டின் தண்டவாளத்தை இன்னும் சில சென்டிமீட்டர் பின்னால் நீட்டுங்கள். சீட்டை இன்னும் கீழே இறக்க வழி வையுங்கள். ஒரே கூட்டுக்கு இரண்டு வகை ஸ்பஞ்ச் கொடுங்கள். ஸ்டீரிங்கை முன்னும் பின்னும் இழுக்க விடுங்கள். இவற்றில் ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை. மாஸ்டா தன் எம்எக்ஸ்-5 காரை 1989 முதல் விற்கிறது. அதன் ஸ்டீரிங்கை முன்பின்னாக இழுக்கும் வசதி 2018இல்தான் வந்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள். அத்தனை காலமும் பெரிய உடம்புக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சீட் உறையைக் கழற்றி, கத்தியால் ஸ்பஞ்சை வெட்டி எடுத்து, குழி பறித்து உட்கார்ந்தார்கள். அந்தக் காரை அவ்வளவு நேசித்தார்கள். அந்த நேசத்துக்கு நிறுவனம் கொடுத்த மரியாதைதான் முப்பது ஆண்டுத் தாமதம்.

நமக்கு நெருக்கமான உதாரணமும் இருக்கிறது. லோட்டஸ் நிறுவனம் 1996இல் புரோட்டோன் கைக்கு வந்தது. அதன் எலிஸ் கார் எடைக்குறைவுக்குப் பேர்போனது. முதல் எலிஸில் ஏறுவதற்குக் கதவோரம் உயரமான விளிம்பைத் தாண்ட வேண்டும். யோகா தெரிந்தவர்களுக்கே சிரமம். இரண்டாம் தலைமுறையில் அந்த விளிம்பைத் தாழ்த்தினார்கள். எலிஸ் எலிஸாகவே இருந்தது. எடையை உயிராக நினைக்கும் நிறுவனத்தால் முடிந்தால் மற்றவர்களால் ஏன் முடியாது?

இனி உடல்நலம். ‘பருமன் நோய், அதற்கு ஏன் வசதி செய்துகொடுக்க வேண்டும்?’ என்று கேட்பவர்கள் அக்கறையோடு கேட்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். மலேசியாவின் 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடையோ பருமனோ கொண்டவர்கள். சீனி குறைய வேண்டும், நடக்க வேண்டும், மருத்துவரைப் பார்க்க வேண்டும், எல்லாம் சரி. குறுகிய சீட் இதில் எந்த வேலையைச் செய்கிறது? அது யாருடைய சர்க்கரையையும் இறக்கியதாகத் தெரியவில்லை. அவமானம் மருந்தாக இருந்தால் நம் கல்யாண வீடுகளில் இந்நேரம் எல்லோரும் ஒல்லியாகியிருப்பார்கள்.

அதோடு ‘பெரிய உடம்பு’ என்றதும் தொப்பை மட்டும் நினைவுக்கு வருவதே தவறு. ஜிம்முக்குப் போய்த் தோள் விரிந்த பையனுக்கும் அந்தச் சீட்டில் இடமில்லை. நீளமான தொடை உள்ளவருக்குச் சீட் பாதியிலேயே முடிந்துவிடுகிறது. இடுப்பெலும்பு அகலமான பெண்ணுக்கு எந்த உணவுக்கட்டுப்பாடும் எலும்பைச் சுருக்கித் தராது.

இது சொகுசுப் பிரச்சினை மட்டும் அல்ல. ஸ்டீரிங்கில் உள்ள ஏர்பேக்குக்கும் மார்பெலும்புக்கும் நடுவில் குறைந்தது 25 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பின் பரிந்துரை. பின்னால் தள்ள இடமில்லாத சீட்டில் பெரிய ஆளால் அதைக் கடைப்பிடிக்க முடியாது. மேடு உயரமான சீட்டில் பெல்ட் கொக்கி இடுப்புக்கும் மேட்டுக்கும் நடுவில் புதைந்துவிடும். இடுப்பெலும்பின்மேல் தாழ்வாகப் போக வேண்டிய பட்டை வயிற்றின்மேல் ஏறும். விபத்தில் அந்தப் பட்டை அழுத்துவது எலும்பை அல்ல, குடலை. மோதல் சோதனையில் அதிகம் பயன்படும் ‘நடுத்தர ஆண்’ பொம்மையின் எடை 78 கிலோ. அதற்கு மேல் இருப்பவர்கள் சாலையில் ஓடும் சோதனைப் பொம்மைகள்.

‘குஷன் கடையில கொடுத்தா சரி பண்ணிடுவாங்க’ என்று இதற்குச் சுலபமாகப் பதில் சொல்கிறோம். நம் குஷன் கடைக்காரர்கள் கைதேர்ந்தவர்கள்தான். ஆனால் இன்றைய சீட்டுகள் பலவற்றில் பக்க ஏர்பேக் அந்த மேட்டுக்குள்தான் இருக்கிறது. உறையின் தையல்கூட அது வெடித்து விரிவதற்கு ஏற்றபடி போடப்பட்டது. அங்கே கத்தி வைப்பது உயிரோடு விளையாடுவது. ஹாஃப்கட் கடையில் வாங்கிய பழைய ரெகாரோவை மாட்டுவதும் அப்படித்தான். ஏர்பேக் போய்விடும், அகலமும் கிடைக்காது. தொழிற்சாலையில் செய்ய வேண்டிய வேலையைப் பயனரின் தலையில் கட்டிவிட்டு அதற்குத் ‘திறமை’ என்று பெயர் வைக்கக் கூடாது.

1998இல் வந்த சத்ரியா ஜிடிஐ காரையும் அதன் ரெகாரோ சீட்டையும் இன்றும் ஏக்கத்தோடு பேசும் அண்ணன்மார்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அன்று இருபத்தைந்து வயது. இன்று ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது. கார் அப்படியே இருக்கிறது, உடம்பு அப்படியே இருக்குமா? ஸ்போர்ட்ஸ் கார் வாங்கக் காசு சேருகிற வயதில்தான் தொப்பையும் சேருகிறது. இருபது வயது உடம்புக்குச் சீட் செய்து ஐம்பது வயதுக்காரரிடம் விற்பது எந்த ஊர் வியாபாரம்?

இதை வாசிக்கும் நீங்கள் பெரும்பாலும் இளையவர்கள், ஒல்லியாகவும் இருக்கலாம். உங்களிடம் கேட்பது சிறிய விஷயம். அடுத்த முறை ஒருவர் காருக்குள் இறங்கச் சிரமப்படும்போது அவரைப் பார்க்காதீர்கள், சீட்டைப் பாருங்கள். மேடுகளுக்கு நடுவில் எத்தனை சென்டிமீட்டர் என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். எஞ்சின் குதிரைத்திறனைத் தசமப் புள்ளியோடு சொல்கிறவருக்கு இந்த எண் தெரியாது. சீட்டில் இரண்டு நிமிடம் இல்லாமல் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடியுங்கள். பெரிய அளவு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்பார். ஏன் இல்லை என்று கேளுங்கள். மாமாக் கடையில் யாராவது “ஒடம்பக் கொறைங்க அண்ணே” என்று ஆரம்பித்தால் அங்கேயும் அதே கேள்வியைக் கேளுங்கள்.