பானை யாருடையது?

ஆற்றுப் படுகையில் ஒரு குடிசை. அதன் பின்னால் நாணல் புதர். புதருக்குள் ஒரு பானை. பானையில் சாராய ஊறல்.

போலீசார் வருகிறார்கள். பானையை உடைக்கிறார்கள். குடிசைக்காரரைப் பிடித்துப் போகிறார்கள். கோர்ட்டு தண்டனை கொடுக்கிறது. அவர் அப்பீல் செய்கிறார்.

தஞ்சைச் சீமையில் எந்த ஊரிலும் நடக்கக்கூடிய வழக்கு இது. "சாராயம் காய்ச்சினவனுக்கு அப்பீல் ஒரு கேடா?" என்று கேட்பவர்கள் உண்டு.

அப்பீல் வேண்டும். காய்ச்சினவன் தப்புவதற்காக அல்ல. காய்ச்சாதவன் சிக்காமல் இருப்பதற்காக.

மதுவிலக்குச் சட்டம் 1937-ல் வந்தது. ராஜாஜி முதலில் சேலம் ஜில்லாவில் அதைக் கொண்டுவந்தார். 1948-ல் மாகாணம் முழுவதும் பரவியது. தஞ்சையும் அதில் சேர்ந்தது. 1971-ல் மதுவிலக்கு தளர்ந்தது. 1974-ல் மீண்டும் வந்தது. பிறகு மறுபடியும் தளர்ந்தது. இன்று சர்க்காரே கடை வைத்து மது விற்கிறது. ஆனால், வீட்டில் சாராயம் காய்ச்சுவது அன்றும் குற்றம், இன்றும் குற்றம்.

அது குற்றமாக இருப்பதில் நியாயம் உண்டு. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் என்ன நடந்தது? மெத்தனால் கலந்த விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. கூலி வேலைக்குப் போய்ச் சம்பாதித்தவர்கள் போனார்கள். குழந்தைகள் அநாதையானார்கள். மெத்தனால் தொழிற்சாலைகளில் பயன்படும் விஷம். உயிரை விட்டாலும் கண் பார்வையைப் பறித்துவிடும்.

அதே ஆண்டில் சட்டம் கடுமையாக்கப்பட்டது. கள்ளச்சாராயத்தால் சாவு நேர்ந்தால் விற்றவருக்கு ஆயுள் சிறை. அபராதம் 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாது. இதை நாம் வரவேற்கிறோம்.

ஆனால், தண்டனை ஏற ஏற, சாட்சியமும் பலமாக இருக்க வேண்டும் அல்லவா? அப்பீல் கோர்ட்டு கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று.

ஒன்று: பானை யாருடையது? நாணல் புதர் யாருக்கும் சொந்தம் இல்லை. பக்கத்தில் குடிசை இருப்பதாலேயே பானை குடிசைக்காரருடையது ஆகிவிடாது.

இரண்டு: பானையில் இருந்தது என்ன? கொட்டி அழிப்பதற்கு முன்பு மாதிரி எடுத்தார்களா? சீல் வைத்தார்களா? அதே சீலோடு ரசாயனப் பரிசோதனைக்குப் போனதா?

மூன்று: பார்த்தது யார்? போலீசாரின் சாட்சியத்தை மட்டும் வைத்தும் தண்டிக்கலாம். ஆனால், அது நம்பும்படி இருக்க வேண்டும்.

இதற்கு ஒரு பழைய தீர்ப்பு வழி காட்டுகிறது. 1951-ல் பம்பாயில் ஜீப் ஓட்டி வந்த ஒருவர் மீது சாராய வாடை அடித்தது. மதுவிலக்கு வழக்குப் போட்டார்கள். "மருந்து சாப்பிட்டேன், அந்த வாடைதான்" என்றார் அவர். மாஜிஸ்திரேட்டு விடுதலை செய்தார். ஐகோர்ட்டு தண்டித்தது. அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1954-ல் அவருக்கு விடுதலை கிடைத்தது. குற்றம் சாட்டுகிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். வக்கீல்கள் இதைப் 'பெசிகாகா வழக்கு' என்பார்கள்.

ஜீப் வைத்திருந்தவர் டில்லி வரை போனார். குடிசைக்காரர் தஞ்சாவூர் கோர்ட்டுக்காவது போக வேண்டாமா?

அதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. சிறைத்தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும். மாஜிஸ்திரேட்டு தண்டித்தால், 30 நாளுக்குள் செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் செய்யலாம். சிறையில் இருப்பவர் சிறை அதிகாரி மூலமாகவே மனு அனுப்பலாம். அப்பீல் முடியும் வரை ஜாமீன் கேட்கலாம். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் 1987-ம் ஆண்டுச் சட்டப்படி இலவச வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டால் போதும். தஞ்சை ஜில்லாக்காரர்கள் அதற்கு மேலும் போக வேண்டுமானால், ஐகோர்ட்டின் மதுரைக் கிளை இருக்கிறது.

வீட்டுக்காரர் சிறைக்குப் போனதும், தாலியை அடகு வைத்து வக்கீல் தேடும் பெண்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

போலீசாருக்கும் ஒரு வார்த்தை. பானையை உடைப்பது சுலபம். மெத்தனால் எந்த லாரியில் வந்தது, யார் விற்றார், யார் கண்ணை மூடிக்கொண்டார் என்று கண்டுபிடிப்பதுதான் கடினம். அந்தக் கடினமான வேலையைச் செய்யுங்கள். ஊர் உங்களை வாழ்த்தும்.

குடும்பத் தலைவர்களுக்கும் சொல்கிறோம். அப்பீலில் ஜெயித்து வீடு திரும்பலாம். விஷச் சாராயம் குடித்துப் போன உயிருக்கு அப்பீல் கிடையாது.