மைண்ட்ஃபுல்னஸ் ஆய்வுத் தலைப்பு: சங்கத்தின் நிலைப்பாடு

"மாணவரின் மன அழுத்தத்தைக் குறைப்பதில் மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சியின் பயன்" என்ற பொதுத் தலைப்பிலேயே இவ்வாண்டு முதுகலை ஆய்வேடுகள் அனைத்தும் அமைய வேண்டும் என்ற சுற்றறிக்கை வந்திருப்பது உறுப்பினர்கள் அறிந்ததே. செயற்குழுவில் மாற்றுக் கருத்துகளும் இருந்தன. பெரும்பான்மை முடிவின்படி இந்த அறிக்கை வெளியாகிறது.

பயிற்சியைச் சங்கம் எதிர்க்கவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 616 மாணவர்களிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்றவர்களுக்குத் தேர்வுக் காலத்தில் மன உளைச்சல் குறைவாக இருந்தது. பிரிட்டனில் 85 பள்ளிகளில் நடந்து 2022-இல் வெளியான மிரியட் ஆய்விலோ, வழக்கமான கற்பித்தலைவிடப் பயிற்சி மேலானதாகத் தெரியவில்லை. பயிற்சிமேல் நம்பிக்கை கொண்டவர்களே அந்த முடிவை மறைக்காமல் வெளியிட்டார்கள். ஆனால் நமக்கு வந்த தலைப்பில் விடை முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது.

அளவிடும் முறை பற்றி ஒன்று. வழக்கமாகக் கையாளப்படும் கோஹன் மன அழுத்த அளவுகோல் கடந்த ஒரு மாதத்தைப் பற்றிக் கேட்பது. இரண்டு வாரப் பயிற்சி முடிந்ததும் அதைக் கொடுத்தால், பயிற்சிக்கு முந்தைய நாட்களும் விடையில் கலந்துவிடும். செமஸ்டர் தேர்வுக்கு முன் ஒரு தாளும் தேர்வு முடிந்தபின் ஒரு தாளும் வாங்கினால், பயிற்சியே இல்லாமலும் எண் இறங்கும். ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வில் இதைப் பிரித்தறிய வழியில்லை.

எங்களை உறுத்துவது வேறு. மாணவரின் அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கே இந்தத் தலைப்பில் இடமில்லை. கட்டணம் கட்டாததால் ஹால்டிக்கெட் நிறுத்தப்பட்ட பெண்ணை மூச்சைக் கவனிக்கச் சொல்வது ஆய்வா? அரியர் தாள் மறுமதிப்பீட்டு முடிவு அடுத்த தேர்வு வரும்வரை வராததும், இன்டர்னல் மதிப்பெண்ணைக் காட்டி மிரட்டுவதும் மாணவரின் மனத்தில் உள்ள குறையா? கேம்பிரிட்ஜ் ஆய்வில் பயிற்சி பெற்றவர், பெறாதவர் என இரு குழுவினருக்கும் ஆலோசனை வசதி ஏற்கெனவே இருந்தது. அதற்கு மேல் பயிற்சி கூடுதல் பயன் தருமா என்றுதான் கேட்டார்கள். 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் உள்ள நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொன்ன பிறகும், ஆலோசகர் இல்லாத வளாகத்தில் பயிற்சியை மட்டும் சோதிப்பது, தயங்காமல் சொன்னால், நிர்வாகத்தின் பொறுப்பை மாணவர் தலையில் கட்டுவது.

ஆய்வில் பங்கேற்பதற்கான ஒப்புதலை வழிகாட்டி தம் மாணவரிடமே வாங்குவதையும் இயன்றவரை தவிர்க்க வேண்டும்.

எனவே, தலைப்பை ஆய்வு மாணவரும் வழிகாட்டியும் தேர்ந்தெடுக்கும் உரிமையை மீட்டுத் தர வேண்டும். மைண்ட்ஃபுல்னஸை எடுப்பவர்கள் யாருக்கு, எந்த அழுத்தத்துக்கு, எதனோடு ஒப்பிட்டு, எவ்வளவு காலம் என்பதைக் கேள்வியிலேயே எழுதட்டும். சுற்றறிக்கை திரும்பப் பெறப்படும்வரை, அதன்படி தயாரான ஆய்வு முன்மொழிவுகளில் கையெழுத்திட வேண்டாம் என வழிகாட்டிகளாக உள்ள உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.